அலை அடித்தால் அவர் வருவார்

திண்டுக்கல்லுக்கு வடக்கே எரியோடு பக்கத்தில் முருங்கை வைத்திருப்பவர்களிடம் ஆடிக் காற்றைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க முடியாது. முருங்கை பார்க்கத்தான் மரம். கொஞ்சம் வேகமாகக் காற்று வந்தால் பூவையெல்லாம் கொட்டிவிடும், அது போதாதென்று கொப்பையும் முறித்துப் போட்டுவிடும். காலையில் தோட்டத்துக்குப் போனால் தரை வெள்ளையாகக் கிடக்கும். அத்தனையும் காயாக வேண்டிய பூ. பக்கத்துத் தோட்டத்து அக்கா அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, காற்றுக்குக் காது இருந்தால் கூசிப்போகிற மாதிரி திட்டுவார். நானும் கூடச் சேர்ந்து "ச்சே" என்பேன். ஆனால் உள்ளுக்குள் அந்தக் காற்று இன்னும் ரெண்டு நாள் அடித்தால் தேவலை என்று எனக்கு இருந்த காலம் ஒன்று உண்டு. காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுபவர். எரியோடு கடைவீதியில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கருகிப்போன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைப் பொறுமையாகச் சுற்றி ஓடவிட்டு அனுப்புவார். போர்வெல்லில் தண்ணீர் கீழே போகப் போக, விவசாயமே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் பாதிப் பேர். கருகினால் புதுசே வாங்கிக்கொள்கிறோம் என்றவர்கள் மீதி. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். குமரிக்குக் கிழக்கே ஒரு மீனவர் ஊரில், கடல் அலையிலிருந்து கரண்ட் எடுக்கிற மிதவை ஒன்றைச் சோதனைக்காகக் கடலில் கட்டியிருக்கிறார்கள், அதற்குள் இருக்கும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். திருச்செந்தூர் போனபோது கால் நனைத்ததைத் தவிரக் கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனுஷன், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் தடவை லீவில் வந்தபோது, அது என்ன வேலை என்று எனக்கும் மகளுக்கும் புரியவைக்க, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் குடத்தை மிதக்கவிட்டார். கையால் தண்ணீரை அடித்து அலை எழுப்பினார். குடம் மேலே ஏறி இறங்கியது.

"இம்புட்டுதான். இது ஏறி எறங்குறப்ப உள்ள இருக்குற தண்டும் ஏறி எறங்கும். அந்த ஆட்டத்தை வச்சு ஜெனரேட்டர் சுத்தும். டீசல் இல்ல, கரி இல்ல, புகை இல்ல. அலை இருக்குற வரைக்கும் கரண்டு."

"நம்ம தோட்டத்து மோட்டாரை ஓட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு நா ஓட்டும்."

"அந்த ஒரு நா வாரதுக்குள்ள நான் கெழவி ஆயிருவேன்."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆன புதிதில்கூட என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. கடல் அமைதியாக இருந்தால்தான் அவருக்கு வேலை. படகில் மிதவைக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும், நங்கூரச் சங்கிலியைப் பார்க்க வேண்டும், உப்புக் காற்று உள்ளே புகுந்து காயிலைக் கெடுத்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். அலை ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டால் படகு போகாது. ஆனால் அந்த நாட்களில்தான் மிதவை தன் பாட்டுக்குக் குதித்து நிறையக் கரண்ட் எடுக்கும். அளவெல்லாம் தானாகவே ஆபீசுக்குப் போய்விடும். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆள் எதற்கு? "வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். ஆக, அலை இல்லாவிட்டால் கம்பெனிக்கு ஆள், அலை அடித்தால் எனக்குப் புருஷன். பண்டிகையும் ஞாயிற்றுக்கிழமையும் கடலுக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது என்றார். நானும் மகளும் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம்.

இன்ன நாள் வருகிறேன் என்று அவர் சொல்லவும் மாட்டார். ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு முறை அப்படிச் சொன்னதை நம்பி மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடல் அமர்ந்துவிட்டது, அவரும் வரவில்லை. பிள்ளை அழுததைப் போனில் கேட்டவர், இனி முன்கூட்டிச் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார். நானும் கேட்பதில்லை. கேட்டால் நடக்காது என்று எனக்கு ஒரு பயம். எங்கள் பக்கத்தில் காடு கழனிக்குக் கிளம்புகிறவரையே எங்கே என்று கேட்க மாட்டோம். கடலுக்குப் போனவரை எப்போது என்று கேட்பேனா?

கேட்க முடியாததால் நானாகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? காற்று அடித்தால் தொட்டித் தண்ணீர் ஆடுகிறது, கண்மாய்த் தண்ணீர் ஆடுகிறது. கடலும் அப்படித்தானே இருக்கும்? எரியோட்டில் முருங்கைக் கொப்பு முறிகிற காற்று என்றால் அங்கே அலை வானத்துக்கு எழும்பியிருக்கும். இதுதான் என் வானிலை ஆராய்ச்சி.

ஒரு ஆடியில் காற்று பேயாக வீசியது. தகரம் பறந்தது. தோட்டத்தில் வரிசைக்கு நாலைந்து கொப்பு தொங்கியது. நான் பூவைப் பார்த்து வயிறு எரிவதற்குப் பதிலாக, நாட்டுக்கோழி ஒன்றைப் பிடித்து அடித்து, மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தேன். திண்டுக்கல் ஜங்ஷனுக்கு ரயில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, தோட்டமே மொட்டையாக் கெடக்கு, நீ மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி நிக்கிற?"

"சும்மாதான்க்கா" என்றேன்.

மதியம் ஆனது. சாயங்காலமும் ஆனது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குழம்பு வாசத்தைப் பிடித்துவிட்டு, "அப்பா வாராங்களா?" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அன்றைக்குத் தலைக்கே ஏறிவிட்டது. போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"படகுல. ஏன்?" என்றார். பின்னால் மோட்டார் சத்தம்.

"இங்க இம்புட்டுக் காத்து அடிக்குது. அங்க காத்து இல்லையா?"

"காத்து பலமாத்தான் இருக்கு. ஆனா மேக்க இருந்து வருது. கரையில இருந்து கடலுக்குள்ள தள்ளுது. இந்தப் பக்கம் அலையை அமுக்கி வச்சிருச்சு. படகு ஜம்முனு போகுது. நாலு நாளைக்கு நல்ல வேலை இருக்கு."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். கோழியைப் பற்றி நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, மகளுக்குத் தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தேன். காற்று என் பூவையும் கொண்டுபோய், புருஷனையும் அனுப்பாமல் விட்டுவிட்டதே என்று ஒரு ஆங்காரம்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள். ஒரு இலை ஆடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. முருங்கை காய்த்துத் தொங்குகிற நேரம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய நைட்டிமேல் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கொக்கியால் காய் இழுத்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் இருந்து கொக்கியைப் பிடித்தார்கள். திரும்பினால் இவர். முகம் கறுத்து, உதடு உப்பில் வெடித்து.

வந்தவரை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "ஒரு இலை அசையல. நீங்க எப்படி வந்தீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"அங்கயும்தான் காத்து இல்ல. ஆனா அலை வீடு உசரத்துக்கு வருது. அந்த ஊர்ல கள்ளக்கடல்னு சொல்றாக. இது நம்ம பக்கத்துக் காத்து இல்ல புள்ள. தெக்க, ரொம்ப தெக்க, கப்பல்கூடப் போகாத கடல்ல எப்பவோ புயல் அடிச்சிருக்கும். அங்க கெளம்புன அலை நாள்கணக்கா வந்து இப்பத்தான் கரையில ஏறுது."

நான் கொக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக என் தோட்டத்துக் காற்றையா நம்பிக்கொண்டிருந்தேன்? இதை எனக்கு முன்னாலேயே சொன்னால் என்ன என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லையே" என்றார். அதுவும் சரிதான். அவர் நாலு நாள் இருந்தார். காய் இழுத்தார், கட்டுக் கட்டினார், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டார். அந்த நாலு நாளும் சமையல்கட்டில் எனக்குப் பாட்டு வந்தது.

அதற்கப்புறம் என் ஏக்கம் இடம் மாறிவிட்டது. மகள் தன் போனில், கடல் அலையைக் கலர் கலராகக் காட்டுகிற ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். நீலம் என்றால் சின்ன அலை, சிவப்பு என்றால் பெரிசு. உலகப் படத்தின் அடியில், ஊரும் பேரும் இல்லாத இடத்தில், ஒரு சிவப்புத் திட்டு முளைக்கும். அது மெல்ல மெல்ல மஞ்சளாகிக் குமரியைப் பார்த்து வரும். காய் பறிக்கிற பொம்பளைகள் டீ குடிக்கிற நேரத்தில் நான் மரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கேயோ யாருமே இல்லாத கடலில் புயல் அடிக்க வேண்டும் என்று திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்து ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். சோற்றைப் பிசையும்போது எதிரில் ஆள் வேண்டும். கதவைத் தாழ் போடும்போது எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள் என்று இருக்க வேண்டும்.

மகளின் பரீட்சை லீவில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு தடவை அங்கே போனோம். ஒற்றை அறை, ஒரு கயிற்றுக் கொடி, மண்ணெண்ணெய் வாசம் போகாத ரெண்டு சட்டை. காலையில் கரைக்குக் கூட்டிப் போய்க் கைநீட்டிக் காட்டினார். தூரத்தில் மஞ்சளாக ஒரு தலை தெரிந்தது. எழும்பியது, மறைந்தது. இதற்காகவா என்று இருந்தது எனக்கு. படகோட்டி, அவருக்குத் தம்பி வயசு இருக்கும், பக்கத்தில் வந்து நின்றார்.

"மைனி, அண்ணன் அதுகிட்ட பேசுவாரு. நானே கேட்டிருக்கேன்."

"என்ன பேசுவாரு?"

"என்ன செய்யுது உனக்கு, எங்க வலிக்குதுன்னு கேப்பாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. என் முழங்கால் வலியை அவர் அப்படிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. அப்புறம் இவர் எங்களை மீன் ஏலம் போடுகிற கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஐஸ் வைக்கிற அறை ஓடுவது அந்த மஞ்சள் தலை அனுப்புகிற கரண்டில். மகள் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்து, "ஜில்லுனு இருக்குப்பா" என்றாள். அவர் முகம் அப்படி மலர்ந்தது. பொறாமையை மறந்து எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

திரும்புகிற அன்று காலையில்தான் விஷயத்தை எடுத்தார். சோதனை நல்லபடியாக முடிந்தால் வரிசையாக நிறைய மிதவை கட்டப் போகிறார்கள். அவருக்கு வேலை நிரந்தரம் ஆகும்.

"தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்களும் இங்கயே வந்துருங்க."

"நான் வச்ச மரம் அது. ஒவ்வொன்னுக்கும் கொடத்துல தண்ணி ஊத்துனவ நான். நீங்க அதை விட்டுட்டு ஊருக்கு வாங்க. கடையைத் தெறங்க."

ரயில் வரும்வரை மகள்தான் எதையாவது பேசிக்கொண்டே இருந்தாள். அவரும் விட மாட்டார், நானும் விட மாட்டேன் என்று அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

போன வருஷம் சித்திரையில் மகளின் போனில் நான் அதுவரை பார்க்காத சிவப்பு ஒன்று கிளம்பியது. சிவப்பும் தாண்டிக் கருஞ்சிவப்பு. எனக்கு ஒரே குஷி. அலை கரைக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். முருங்கைக்காய் போட்ட பருப்புக் குழம்பு, கருவாடு. ரெண்டாவது தடவை சோறு போட்டபோது அவருடைய போன் அடித்தது. படகோட்டி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சங்கிலியா?" என்றார். அப்புறம் "பாறையிலயா?" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றுக்குள் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சங்கிலி அறுந்து, மிதவை பாறையில் மோதி உடைந்துவிட்டது. நான் கடலிடம் கேட்டது அலைதான், இம்புட்டு அலை கேட்கவில்லை. புது மிதவை கட்டுவதைப் பற்றி ஆபீசில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கடையைத் தூசி தட்டித் திறந்தார். தினமும் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். மழை பெய்து போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருந்ததால் ரெண்டு மூன்று மோட்டாரும் வந்தது. சோற்றுக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம் என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆடியும் வந்தது, காற்றும் அடித்தது. பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு சேர்ந்து முதல் தடவையாக நானும் மனசாரத் திட்டினேன்.

ஆனால் மனுஷன் பாதிதான் வந்திருந்தார். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புவார். மகள் மார்க் வாங்கியதைச் சொன்னால் "நல்லது தாயி" என்பார், எவ்வளவு என்று கேட்க மாட்டார். ஒரு நாள் மதியம் சோறு கொண்டு கடைக்குப் போனேன். மேசைமேல் பாதி சுற்றிய காயில் கிடந்தது. அவர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாக அதே கடல் படம். அங்கே மிதவையே இல்லை. அலை பெரிசானால் என்ன, சிறிசானால் என்ன? ஆனால் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முதுகு எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு எதிரில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். நான் வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தைக்குப் பிறகு ஒரு நாள் காலை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது, நான் எடுத்தேன், ஆபீசிலிருந்து. புது மிதவை தயாராகிவிட்டது, இந்தத் தடவை சங்கிலியெல்லாம் வேறு மாதிரி, அவர் வருவாரா என்று கேட்டோம், யோசித்துச் சொல்கிறேன் என்றார், ஒரு வாரமாகப் பதில் இல்லை என்றார்கள். ஒரு வாரமாக. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் மாலையில் வந்து என்ன வெஞ்சனம் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அவர் வர மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். சாகும்வரை என் பக்கத்தில் இருந்திருப்பார், அந்த முதுகோடு.

"வருவாக. நாளைக்குக் கெளம்புவாக" என்றேன்.

துண்டோடு வந்து நின்றவர் என்னையும் போனையும் பார்த்தார். "யாரு?" என்றார். சொன்னேன். தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை ரொம்ப நேரம் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ?" என்றார்.

"எனக்கு என்ன. தோட்டம் இருக்கு, மக இருக்கா."

மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். திண்டுக்கல் ஜங்ஷன்வரை கூடப் போனேன். வண்டி வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏறுங்க, எடம் போயிரும்" என்று தள்ளிவிட்டேன். அவர் பேச ஆரம்பித்திருந்தால் நான் அவரைப் போக விட்டிருக்க மாட்டேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் சாப்பிட்ட தட்டு தொட்டியோரம் அப்படியே கிடந்தது. மற்றப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அதை மட்டும் அன்றைக்கு நான் கழுவவில்லை.